குழந்தையின் தலை ஒரு பக்கம் சப்பையா? ஹெல்மெட் போடலாமா வேண்டாமா: அமெரிக்கத் தமிழ்ப் பெற்றோருக்கு ஒரு வழிகாட்டி

குழந்தைக்கு இரண்டு, மூன்று மாதம் ஆகும்போது தலையின் பின்பக்கம் தட்டையாவது கண்ணில் படும். நீங்கள் பார்க்காவிட்டால் வீடியோ காலில் பாட்டி பார்த்துச் சொல்லிவிடுவார். இணையத்தில் தேடினால் பாதிப் பேர் "தானாகச் சரியாகும்" என்கிறார்கள். மீதிப் பேர் "இன்றே ஹெல்மெட் போடு" என்கிறார்கள். தலையின் வடிவத்தைத் திருத்த, குழந்தைக்கு அளவெடுத்துச் செய்து மாட்டும் கவசம்தான் இந்த ஹெல்மெட். எங்கள் மகனுக்காக இரண்டுக்கும் நடுவே நன்றாகவே அல்லாடினோம். மருத்துவத்தைவிட இன்சூரன்ஸ் காகிதங்கள்தான் அதிகம் படுத்தின. அடுத்து வருபவர்களுக்கு அந்த அலைச்சல் மிச்சமாகட்டும் என்றுதான் இதை எழுதுகிறேன். நான் மருத்துவர் இல்லை. உங்கள் குழந்தையை நேரில் பார்க்கிறவர் சொல்வதே முதன்மை.

ஒரு பயத்தை முதலிலேயே ஓரம் கட்டிவிடுங்கள். படுத்துப் படுத்து வரும் தட்டை மூளையை அழுத்துவதில்லை. இப்படித் தலை தட்டையான குழந்தைகளில் சிலர் குப்புற விழுவதிலும் உட்காருவதிலும் சற்றுப் பின்தங்குவதை ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் குறைவாக அசையும் குழந்தை ஒரே இடத்தில் அதிக நேரம் படுப்பதால் தலை தட்டையாகிறது என்றுதான் மருத்துவர்கள் பெரும்பாலும் அதை விளக்குகிறார்கள். ஹெல்மெட் போட்டால் அறிவு கூடும், போடாவிட்டால் குறையும் என்று யாராவது பேசினால் அவர் எதையோ விற்கிறார். ஹெல்மெட் மாற்றுவது தலையின் வடிவத்தை மட்டும்தான்.

1. இது சாதாரணத் தட்டைதானா என்று உறுதி செய்யுங்கள்

குளிப்பாட்டியதும் முடி ஈரமாக இருக்கும்போது குழந்தையை மடியில் உட்கார வைத்து உச்சிக்கு நேர் மேலிருந்து ஒரு படம் எடுங்கள். படுக்கும் நிலையால் வந்த தட்டை என்றால் தலை இணைகரம் போலத் தெரியும். தட்டையான பக்கத்துக் காது முன்னால் தள்ளியிருக்கும், அதே பக்கத்து நெற்றியும் லேசாகப் புடைத்திருக்கும். பின்பக்கம் முழுவதும் சமமாகத் தட்டையாகி, தலை அகலமாகத் தெரிவது இன்னொரு வகை.

கவலைப்பட வேண்டியது வேறொன்று. மண்டையோட்டு எலும்புகளுக்கு இடையிலுள்ள தையல் கோடு சீக்கிரமே மூடிக்கொள்வதைக் கிரானியோசினோஸ்டோசிஸ் என்கிறார்கள். ஏறக்குறைய 2,500 குழந்தைகளில் ஒன்றுக்கு வரும். பிறந்தபோதே தலை கோணலாக இருந்தது, மாதம் ஏற ஏற மோசமாகிறது, தையல் கோட்டின் மேல் விரலுக்கு ஒரு மேடு தட்டுப்படுகிறது, தட்டையான பக்கத்துக் காது பின்னால் இழுபட்டிருக்கிறது, தலைச் சுற்றளவு வளரவில்லை: இவற்றில் எது இருந்தாலும் அடுத்த செக்கப் வரை காத்திருக்காமல் குழந்தை மருத்துவரை அழையுங்கள். இதற்கு ஹெல்மெட் மட்டும் போதாது, பெரும்பாலும் அறுவை சிகிச்சை வேண்டும். சிறு வெட்டில் முடிக்கக்கூடிய அறுவைக்கு முதல் சில மாதங்களே தோதானவை.

பெரும்பாலான குழந்தைகளுக்கு எக்ஸ்ரே, ஸ்கேன் எடுத்துப் பார்க்கவே தேவையில்லை. அனுபவமுள்ள மருத்துவர் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவார். சந்தேகம் இருந்தால் எக்ஸ்ரே அல்லது அல்ட்ராசவுண்ட், அதிலும் தெளியாவிட்டால் மட்டும் சி.டி. ஸ்கேன். "எதற்கும் ஒரு சி.டி. எடுத்துவிடலாமே" என்று நீங்களாகக் கேட்காதீர்கள், அதில் கதிர்வீச்சு உண்டு.

2. கழுத்தைப் பாருங்கள்

தலையைப் பற்றியே யோசித்துக்கொண்டிருக்கும்போது கழுத்து விட்டுப்போகும். ஒரு பக்கக் கழுத்துத் தசை இறுகியிருந்தால் தலை அந்தப் பக்கம் சாயும், தாடை எதிர்ப் பக்கம் திரும்பும். அதனால் குழந்தை எப்போதும் ஒரே பக்கம் திரும்பிப் படுத்து, அந்த இடம் தட்டையாகும். இதற்கு டார்டிகாலிஸ் என்று பெயர்.

உங்கள் போனிலுள்ள படங்களை வரிசையாகப் புரட்டுங்கள். எல்லாவற்றிலும் தலை ஒரே பக்கம் சாய்ந்திருந்தால் சந்தேகப்படலாம். மல்லாக்கப் படுக்க வைத்து ஒரு கிலுகிலுப்பையை இடமிருந்து வலமாக மெல்ல நகர்த்திப் பாருங்கள். ஒரு பக்கம் முழுதாகத் திரும்புகிறது, மறுபக்கம் பாதியில் நிற்கிறது என்றால் பிசியோதெரபி வேண்டும். எவ்வளவு சீக்கிரம் ஆரம்பிக்கிறீர்களோ அவ்வளவு சீக்கிரம் கழுத்து இளகும்.

செலவு: இன்சூரன்ஸ் வழியாகப் போனால் மருத்துவரின் ரெஃபரல் தேவைப்படலாம், ஒவ்வொரு முறையும் கோ-பே இருக்கும். ஆண்டுக்கு இத்தனை முறைதான் என்ற வரம்பும் பல திட்டங்களில் உண்டு. இன்னொரு வழியும் இருக்கிறது. மூன்று வயதுக்குள்ளான குழந்தைகளுக்கு எல்லா மாநிலங்களிலும் ஏர்லி இன்டர்வென்ஷன் என்ற அரசுத் திட்டம் நடக்கிறது. மருத்துவர் கடிதம் இல்லாமல் நீங்களே அழைத்துப் பதியலாம். மதிப்பீடு இலவசம். பதிந்த 45 நாட்களுக்குள் மதிப்பீட்டையும் முதல் கூட்டத்தையும் முடிக்க வேண்டும் என்பது விதி. யாருக்குச் சேவை கிடைக்கும் என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும், ஆனால் கேட்பதற்குக் காசில்லை. இரண்டு வழியிலும் ஒரே சமயத்தில் முயலுங்கள்.

கழுத்தைக் கவனிக்காமல் ஹெல்மெட் மட்டும் போடுவது வீண். கழற்றிய பிறகும் குழந்தை அதே பக்கம்தான் திரும்பும்.

3. நாலாம் மாதம் வரை: காசில்லாத வைத்தியம்

லேசான தட்டை பலருக்கு இதிலேயே குறைந்துவிடும். ஹெல்மெட்டுக்குப் போக நேர்ந்தாலும் இந்தப் படியைத் தாண்ட முடியாது, இதைச் செய்தீர்களா என்றுதான் இன்சூரன்ஸ் முதலில் கேட்கும்.

தூங்கும்போது எப்போதும் மல்லாக்க. தலை தட்டையாகிறதே என்று பக்கவாட்டிலோ குப்புறவோ தூங்க வைக்காதீர்கள். திடீர் மரண ஆபத்து அதில்தான் இருக்கிறது. பதிலாக, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கிரிப்பில் (குழந்தைக் கட்டிலில்) தலைமாட்டை மாற்றுங்கள். குழந்தை கதவையோ வெளிச்சத்தையோ உங்களையோ பார்க்கத் திரும்பும், அப்போது உருண்டையான பக்கம் கீழே வரும்படி பார்த்துக்கொள்ளுங்கள். புட்டிப்பால் கொடுப்பவர்கள் கையை மாற்றி மாற்றிக் கொடுங்கள். தாய்ப்பாலில் பக்கம் தானாகவே மாறிவிடும், புட்டியில் நாம் பழகிய கையிலேயே வைத்துக்கொள்வோம்.

விழித்திருக்கும்போது குப்புறப் போட்டு விளையாட விடுங்கள். முதல் வாரங்களில் ஒரு நாளைக்கு இரண்டு மூன்று முறை, ஒவ்வொரு முறையும் மூன்றிலிருந்து ஐந்து நிமிடம். ஏழு வாரம் ஆகும்போது மொத்தம் 15 முதல் 30 நிமிடம் என்று அமெரிக்கக் குழந்தை மருத்துவ அகாதமி சொல்கிறது. அழுதால் உங்கள் நெஞ்சின்மேல் போட்டுக்கொள்ளுங்கள், அதுவும் கணக்குத்தான். கார் சீட்டைக் காருக்கு மட்டும் வையுங்கள். கடையிலிருந்து வீட்டுக்கு வந்த பிறகும் அதிலேயே தூங்கட்டும் என்று விடுவது, ஸ்விங்கில் மணிக்கணக்கில் கிடத்துவது, இவையெல்லாம் அதே இடத்தை இன்னும் தட்டையாக்கும்.

இப்போது கடுகுத் தலையணை. ஊரிலிருந்து வரும் பெட்டியில் அது நிச்சயம் இருக்கும், அன்போடுதான் தைத்திருப்பார்கள். ஆனாலும் கிரிப்பில் வைக்காதீர்கள். நடுவில் குழியுள்ள தலை வடிவத் தலையணைகளும் வேண்டாம். எந்த மருத்துவக் காரணத்துக்கும் இவற்றைப் பயன்படுத்தக் கூடாது, மூச்சுத் திணறி உயிருக்கே ஆபத்து நேரலாம் என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகமான எஃப்.டி.ஏ. 2022 நவம்பரில் எச்சரித்தது. தூளியில் தூங்க வைப்பதும் இங்கே சொல்லப்படும் "தட்டையான, உறுதியான படுக்கை" விதிக்குப் பொருந்தாது. எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டும்போது தலையை இரு கையாலும் பிடித்து அழுத்தி உருட்டிவிடும் வழக்கத்தையும் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் சொல்லி எடுபடவில்லையென்றால் அடுத்த செக்கப்புக்கு அத்தையையோ அம்மாவையோ கூட்டிக்கொண்டு போய் மருத்துவர் வாயாலேயே சொல்ல வையுங்கள். எங்கள் வீட்டில் அதுதான் எடுபட்டது.

ஒரு நோட்டில் தேதி போட்டுக் குறித்து வாருங்கள்: எப்போது தலைமாடு மாற்ற ஆரம்பித்தீர்கள், குப்புறப் போட்ட நேரம், பிசியோதெரபி போன நாட்கள். மாதம் ஒரு முறை அதே இடத்தில், அதே கோணத்தில் உச்சியிலிருந்து படம். இரண்டு மாதச் செக்கப்பிலேயே "தலை தட்டையாகிறது, நிலை மாற்றிப் படுக்க வைக்கிறோம்" என்று சொல்லி, அது மருத்துவரின் குறிப்பில் பதிவாகிறதா என்று பாருங்கள். பின்னால் இன்சூரன்ஸில் காசாக மாறப்போகும் குறிப்பு அது.

4. அளவை எண்ணாக வாங்குங்கள்

"கொஞ்சம் தட்டைதான், பரவாயில்லை" என்பதை வைத்து எந்த முடிவும் எடுக்க முடியாது. நாலாம் மாதம் வாக்கில் அளந்து பாருங்கள். குழந்தைகள் மருத்துவமனையில் மண்டையோடு, முகம் பார்க்கும் கிரானியோஃபேஷியல் கிளினிக்கில் அளப்பார்கள், ஆனால் அப்பாயின்ட்மென்ட் கிடைக்க வாரக்கணக்கில் ஆகும். அதனால் மூன்றாம் மாதமே பதிந்து வையுங்கள், தேவையில்லையென்றால் ரத்து செய்துகொள்ளலாம். ஹெல்மெட் செய்யும் மையங்கள் பல, முதல் ஸ்கேனை இலவசமாகவே செய்கின்றன. தலையில் மெல்லிய சாக்ஸ் துணி ஒன்றைப் போட்டு கேமரா வைத்து எடுப்பது, கதிர்வீச்சு கிடையாது.

அறிக்கையில் பார்க்க வேண்டியவை மூன்று. முதலாவது சி.வி.ஏ.: தலையின் இரண்டு மூலைவிட்டங்களுக்கும் உள்ள வித்தியாசம், மில்லிமீட்டரில். அதையே சதவீதமாகச் சொல்வது சி.வி.ஏ.ஐ. அட்லாண்டா குழந்தைகள் மருத்துவமனை வகுத்த அளவுகோலைப் பலரும் பயன்படுத்துகிறார்கள். அதன்படி 3.5க்குக் கீழே இயல்பு, 6.25 வரை லேசு, 8.75 வரை நடுத்தரம், 11 வரை கடுமை, அதற்கு மேல் மிகக் கடுமை. மூன்றாவது அகல-நீள விகிதம். பின்பக்கம் முழுவதும் தட்டையான குழந்தைகளுக்கு இதுதான் முக்கியம். 90 சதவீதத்தைத் தாண்டினால் கவனிப்பார்கள்.

இதில் ஒரு பொறி உண்டு: இலவசமாக அளப்பவரே ஹெல்மெட்டையும் விற்கிறார். அவர் சொல்வது பொய் என்று சொல்லவில்லை. ஆனால் அறிக்கையின் நகலை வாங்கிக்கொண்டு, விற்பனையில் சம்பந்தமில்லாத ஒரு மருத்துவரிடம் காட்டாமல் அங்கேயே கையெழுத்துப் போட்டுவிடாதீர்கள். "இன்று பதிந்தால் தள்ளுபடி" என்று எங்களிடமும் சொன்னார்கள். நான்கைந்து வாரம் கழித்து அதே மையத்தில் மறுபடி அளந்தால் எண் இறங்குகிறதா, நிற்கிறதா என்று தெரியும். ஒரே ஒரு எண்ணைவிட அது பயனுள்ள தகவல். வேறு கருவியில் எடுத்த எண்ணோடு ஒப்பிடாதீர்கள்.

5. போடலாமா, வேண்டாமா?

ஹெல்மெட் தலையை நசுக்குவதில்லை. புடைத்த பக்கத்தில் லேசாகத் தொட்டு நின்று, தட்டையான பக்கத்தில் இடம் விட்டு வைக்கும். தலை தானாக வளர்ந்து அந்த இடத்தை நிரப்ப வேண்டும். ஆகவே எல்லாம் வளர்ச்சி வேகத்தைப் பொறுத்தது. தலைச் சுற்றளவு முதல் மூன்று மாதம் மாதத்துக்கு சுமார் 2 செ.மீ., அடுத்த மூன்று மாதம் 1 செ.மீ., பிறகு ஒரு வயது வரை அரை செ.மீ. என்று வளரும். எஃப்.டி.ஏ. 3 முதல் 18 மாதம் வரை அனுமதித்திருந்தாலும், நாலிலிருந்து ஆறு மாதத்துக்குள் ஆரம்பித்தால்தான் பலன் நன்றாகவும் சீக்கிரமாகவும் கிடைக்கும். ஒரு வயதுக்குப் பிறகு ஆரம்பித்தால் பணம் போகும், மாற்றம் கொஞ்சம்தான்.

ஆதாரம் என்ன சொல்கிறது? நெதர்லாந்தில் 84 குழந்தைகளை வைத்து நடந்த சோதனை 2014இல் பி.எம்.ஜே. மருத்துவ இதழில் வந்தது. ஐந்து, ஆறு மாதத்தில் பாதிப் பேருக்கு ஹெல்மெட், மீதிப் பேருக்கு ஒன்றுமில்லை. இரண்டு வயதில் பார்த்தபோது முழுதாகச் சரியானவர்கள் ஹெல்மெட் குழுவில் 26 சதவீதம், மற்றதில் 23. வித்தியாசமே இல்லை எனலாம். ஹெல்மெட் போட்ட குழந்தைகளின் பெற்றோரில் 96 சதவீதம் பேர் தோல் எரிச்சலைச் சொன்னார்கள். ஆனால் மிகக் கடுமையான தட்டையும் டார்டிகாலிஸும் உள்ள குழந்தைகள் அந்தச் சோதனையில் சேர்க்கப்படவில்லை. ஹெல்மெட்டுகள் பலருக்குச் சரியாகப் பொருந்தவில்லை என்ற விமர்சனமும் உண்டு. அமெரிக்க நரம்பியல் அறுவை நிபுணர்களின் காங்கிரஸ் 2016இல் வெளியிட்ட வழிகாட்டுதல், நிலை மாற்றமும் பிசியோதெரபியும் செய்த பிறகும் நடுத்தரம் முதல் கடுமை வரை நீடிப்பவர்களுக்கு ஹெல்மெட்டைப் பரிந்துரைக்கிறது.

இரண்டையும் சேர்த்துப் பார்த்து நான் வந்த முடிவு இது. லேசு என்றால் போடாதீர்கள், யார் என்ன சொன்னாலும். கடுமை என்றால் ஐந்து மாதம் முடிவதற்குள் போட்டுவிடுங்கள், இன்சூரன்ஸ் கொடுத்தாலும் கொடுக்காவிட்டாலும், கையில் முடிந்தால். நடுத்தரத்தில்தான் திண்டாட்டம். அங்கே இரண்டாவது ஸ்கேனைப் பாருங்கள். எண் இறங்கினால் இன்னும் ஒரு மாதம் பொறுங்கள். அப்படியே நின்றால், முகத்திலும் கோணல் தெரிந்தால், கழுத்தும் இறுகியிருந்தால், போடும் பக்கம் சாயலாம். எங்கள் மகனுக்கு எண் நின்றது, போட்டோம். அதே எண் உள்ள நண்பர் குழந்தைக்குப் போடவில்லை. முடி வளர்ந்த பிறகு அவன் தலையில் யாரும் எதையும் கவனித்ததில்லை.

6. பணமும் காகிதமும்

ஹெல்மெட்டின் விலை இடத்தையும் வகையையும் பொறுத்துச் சுமார் 1,500 முதல் 4,000 டாலர் வரை. விலை கேட்கும்போது மூன்றைச் சேர்த்துக் கேளுங்கள்: திருத்த வரும் ஒவ்வொரு முறைக்கும் தனிக் கட்டணமா, கடைசி ஸ்கேன் சேர்ந்ததா, தலை வளர்ந்து இரண்டாவது ஹெல்மெட் தேவைப்பட்டால் என்ன விலை.

எதற்கும் முன்னால் குழந்தை உங்கள் இன்சூரன்ஸில் இருக்க வேண்டும். அலுவலகத் திட்டம் என்றால் பிறந்து 30 நாட்களுக்குள் சேர்க்கவேண்டும் என்பதே பெரும்பாலும் கெடு. தூக்கமில்லாத அந்த மாதத்தில் இது எளிதாக நழுவும்.

பிறகு இன்சூரன்ஸை அழைத்து "எஸ்1040 என்ற கோடுக்கு என் திட்டத்தில் கவரேஜ் உண்டா, பிரையர் ஆத்தரைசேஷன் (முன் அனுமதி) வேண்டுமா, நிபந்தனைகள் எழுத்தில் எங்கே இருக்கின்றன" என்று கேளுங்கள். ஹெல்மெட்டின் பில்லிங் கோடு அதுதான். பேசியவர் பெயர், தேதி, ரெஃபரன்ஸ் எண் மூன்றையும் குறித்துக்கொள்ளுங்கள். சில திட்டங்கள் இதை அழகு சிகிச்சை என்று சொல்லி அடியோடு விலக்கிவிடும். அலுவலகமே பணம் போடும் செல்ஃப்-ஃபண்டட் திட்டமாக இருந்தால் அந்த விலக்கை வைத்தது உங்கள் கம்பெனிதான், எச்.ஆரிடம் பேசிப் பார்க்கலாம்.

கவரேஜ் தருபவர்கள் வழக்கமாகக் கேட்பவை:

- குழந்தை மருத்துவரின் மருந்துச் சீட்டு, நோயறிதல் கோடுடன் (தலைத் தட்டையின் மருத்துவப் பெயரான பிளேஜியோசெஃபலிக்கு கியூ67.3)
- ஏன் தேவை என்று விளக்கும் மெடிக்கல் நெசசிட்டி கடிதம்
- அளவுகள் உள்ள ஸ்கேன் அறிக்கையும் படங்களும்
- இரண்டு மாதமாவது நிலை மாற்றமோ பிசியோதெரபியோ செய்ததற்கான சான்று

இந்தக் கடைசிச் சான்றில்தான் பலருக்கு நிராகரிப்பு வருகிறது. எங்களுக்கும் முதல் பதில் அப்படித்தான் வந்தது, ஸ்கேன் எண்ணெல்லாம் சரியாக இருந்தும். பிசியோதெரபிஸ்ட் குறிப்புகளையும் இரண்டு மாதச் செக்கப் குறிப்பையும் நோட்டின் நகலையும் சேர்த்து அப்பீல் போட்டதும் மாறியது. நிராகரிப்புக் கடிதம் வந்தால் அப்பீலுக்கு 180 நாள் அவகாசம் உண்டு, ஆனால் உங்களுக்கு அவ்வளவு நாள் கிடையாது. சிகிச்சைக்கு முந்தைய அப்பீலுக்கு அவர்கள் 30 நாட்களுக்குள் பதில் சொல்ல வேண்டும். அதனால் கடிதம் கிடைத்த வாரமே போடுங்கள். உங்கள் மருத்துவரை இன்சூரன்ஸ் மருத்துவரோடு நேரடியாகப் போனில் பேசச் சொல்வதும் பலிக்கும்.

கவரேஜ் உண்டு என்றால் இலவசம் என்று எண்ணிவிடாதீர்கள். டிடக்டபிள் முடியும்வரை கைக்காசுதான். பிரசவம் நடந்த அதே ஆண்டுக்குள் ஹெல்மெட் வந்துவிட்டால் குடும்ப டிடக்டபிள் ஏற்கெனவே நிரம்பியிருக்கலாம். திட்ட ஆண்டு ஜனவரியில் புதிதாகத் தொடங்கும் என்றால், நவம்பர், டிசம்பரில் முடிவெடுப்பவர்களுக்கு ஒரு வாரத் தாமதம்கூட ஆயிரக்கணக்கில் முடியும். பக்கத்து மையம் நெட்வொர்க்கில் இல்லையென்றால், நெட்வொர்க்குக்குள் இந்தச் சேவை தருபவர் யாரும் அருகில் இல்லை என்று காட்டி விதிவிலக்குக் கேளுங்கள். மருத்துவச் செலவுக்கென வரியில்லாமல் ஒதுக்கி வைக்கும் எச்.எஸ்.ஏ., எஃப்.எஸ்.ஏ. பணத்தையும் இதற்குப் பயன்படுத்தலாம், சீட்டையும் ரசீதையும் பத்திரப்படுத்துங்கள். எச்1பியில் வேலை மாறப் போகிறவர்கள் கவனம்: பழைய இன்சூரன்ஸ் கொடுத்த அனுமதி புதியதற்குச் செல்லாது.

7. போட்ட பிறகு

ஸ்கேன் எடுத்ததிலிருந்து ஹெல்மெட் வர ஓரிரு வாரம் ஆகும். அனுமதிக்காகக் காத்திருந்து நாளாகிவிட்டால் மறு ஸ்கேன் கேளுங்கள். பழைய அளவில் செய்தது வளர்ந்த தலைக்குப் பொருந்தாது.

முதல் சில நாட்கள் மணி நேரம் கூட்டிக்கொண்டே போய், பிறகு நாளுக்கு 23 மணி நேரம், தூக்கத்திலும். பெரும்பாலும் மூன்று, நான்கு மாதம். ஓரிரு வாரத்துக்கு ஒரு முறை திருத்தப் போக வேண்டும், அலுவலக விடுப்பை இப்போதே கணக்கிடுங்கள். கழற்றும்போது தெரியும் சிவப்பு ஒரு மணி நேரத்துக்குள் மறைய வேண்டும். மறையாவிட்டால், தோல் உரிந்தால், கொப்பளித்தால் மாட்டாமல் மையத்தை அழையுங்கள். காய்ச்சல் வந்தால் கழற்றிவிடுங்கள்.

வியர்க்கும், நாறும். தினமும் உள்பக்கத்தை மையம் சொல்லும் ஆல்கஹாலால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பிறகே போடுங்கள். இந்த மாதங்களில் தலைக்கு எண்ணெய், பவுடர், லோஷன் எதுவும் கூடாது. பாட்டி ஊரிலிருந்து வந்திருந்தால் இதுவே வீட்டில் பெரிய விவாதமாகும். உடம்புக்கு எண்ணெய் தேய்க்கத் தடையில்லை.

ஊருக்குப் போய் மொட்டை, காதுகுத்து வைக்க நினைப்பவர்கள் தேதியை ஹெல்மெட்டுக்குப் பிறகு தள்ளிவையுங்கள். மாதக்கணக்கில் ஊரில் இருந்தால் திருத்த ஆளிருக்காது, திருத்தாத ஹெல்மெட் தலையை உறுத்தும். நடுவில் மொட்டை போட்டே ஆகவேண்டும் என்றால் ஹெல்மெட்டைப் பொருத்தித் திருத்தும் ஆர்த்தோட்டிஸ்டிடம் முன்கூட்டியே சொல்லுங்கள், உள்ளே பொருந்துவது மாறும்.

அடுத்தடுத்த இரண்டு ஸ்கேனில் மாற்றம் எதுவும் இல்லையென்றால், இன்னும் எதற்குப் போட வேண்டும் என்று கேட்டுவிடுங்கள். எண் சுழியத்துக்கு வந்தாக வேண்டும் என்றில்லை, பெரியவர்கள் தலையும் யாருக்கும் அச்சில் வார்த்தது போல இருப்பதில்லை. கழற்றும் நாளில் கடைசி அறிக்கையின் நகலை வாங்கிக்கொள்ளுங்கள், இன்சூரன்ஸ் பில் சில மாதம் கழித்தும் வந்து சேரும்.